வெள்ளைக்காலும் கண்ணீர்ச் சுழியும்

தொப்பி வைத்த ஒருத்தன் குதிரையில் வருவான், அக்கிரமக்காரர்களைச் சுடுவான், கடைசியில் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விடுவான், இவ்வளவுதானே, இதையே எத்தனை தரம் பார்ப்பாய் என்று என் வீட்டில் கேட்கிறார்கள். எத்தனை தரம் வேண்டுமானாலும் பார்ப்பேன். உங்களுக்கு எங்கே வலிக்கிறது? குதிரைப் படம் எங்கே வந்தாலும் போய் உட்கார்ந்துவிடுகிறவள் நான். அதற்குக் காரணம் இருக்கிறது. முப்பதுகளின் தொடக்கத்தில், படங்கள் இன்னும் பேசக் கற்றுக்கொள்ளாத நாளில், கோயமுத்தூர்க் கொட்டகை ஒன்றில் நான் பார்த்த முதல் படமே குதிரைப் படம். என் குதிரை என்னிடம் இருப்பதா போவதா என்பதை அந்தப் படம்தான் முடிவு செய்தது.

எனக்கு அப்போது இருபது வயது. வாக்கப்பட்டு வந்தது சூலூருக்குக் கிழக்கே ஒரு தோட்டத்து வீட்டுக்கு. மாமியார் இல்லாத வீடு. மாமனார், என் வீட்டுக்காரர், நான், மூன்றே பேர். என்னோடு கல்யாணச் சீராக வந்தது ஒரு பெட்டைக் குதிரை. செவலை நிறம், நெற்றியில் பொட்டளவு வெள்ளை. அது என் அப்பா வீட்டில் பிறந்த எட்டாம் நாள் தாய் செத்துப்போனது. ஆட்டுப்பாலை மூங்கில் குழாயில் ஊற்றி ஊற்றிக் கொடுத்து அதை வளர்த்தவள் நான். என் குரல் கேட்டால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கனைக்கும். கல்யாணத்தன்று நான் அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். குதிரைதான் கூடவே வருகிறதே, நான் எதற்கு அழவேண்டும்?

மாமனார் சுழி பார்க்கிறவர். ஆடு மாடு குதிரையின் உடம்பில் மயிர் சுழன்று நிற்கும் இடம்தான் சுழி. அது எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதை வைத்து, அந்த உருப்படி உடையவனுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லுவார்கள். மாமனாரிடம் பத்து ஊரிலிருந்து கன்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். காபி கூட வாங்கிக் குடிக்கமாட்டார், பார்த்துவிட்டு ஒரே சொல் சொல்லுவார். ஒன்று ‘வச்சுக்கோங்க’, இல்லாவிட்டால் ‘தள்ளிப்போடுங்க’. அவர் தள்ளச் சொன்னதை வீட்டில் வைத்துக்கொண்டவர் யாரும் கிடையாது. அவருடைய கண்ணைப் பற்றி அந்தச் சுற்றுவட்டாரத்தில் இரண்டாவது பேச்சே இல்லை. இருட்டில் தடவிப் பார்த்தே மாட்டின் நிறத்தைச் சொல்லுவார் என்று கூடச் சொன்னார்கள். அது புளுகு என்று நான் நினைக்கிறேன்.

இத்தனை கெட்டிக்காரர் என் குதிரைக்கு ஒரு வருஷமாகச் சுழி பார்க்கவில்லை. சம்பந்தி வீட்டுச் சீரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டார். கடிவாளத்து வாரும் அந்த இடத்தை மறைத்துக்கொண்டிருந்தது. வைகாசியில் ஒரு நாள் காலை, வார் உராய்ந்து கன்னத்தில் புண்ணாகியிருக்கிறது என்று அவரே வேப்பெண்ணெய் எடுத்து வந்து வாரைக் கழற்றித் தடவினார். தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

“அம்மணி, இங்க வா கண்ணு. இது எத்தன நாளா இருக்குது?”

“எதுங்க மாமா?”

“கண்ணுக்குக் கீழ பாரு. கண்ணீர்ச் சுழி.”

“பொறந்ததுல இருந்தே இருக்குதுங்க. எங்கூட்ல ஆரும் அதையப் பாக்கலீங்க.”

“உங்கப்பாரு பாத்திருக்கமாட்டாரு. நான் பாக்கோணுமல்ல?”

கண்ணீர்ச் சுழி உள்ள குதிரையை வைத்திருக்கிறவன் குடியிருக்க வீடில்லாமல் போவான் என்பது அவர்கள் கணக்கு. நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஒரு வருஷமாக நமக்கு என்ன கெட்டுப்போயிற்று, கிணற்றில் தண்ணீர் இல்லையா, பருத்தி விளையவில்லையா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“இதே சுழிக்காக எத்தன பேரு ஊட்டுல இருந்து உருப்படிய வெளிய அனுப்ச்சிருக்கறேன் தெரியுமா கண்ணு? என்ற கட்டுத்தரையில ஒன்னைக் கட்டி வச்சுக்கிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுட்டு ஊருக்குச் சொல்றது? ஆடில அந்தியூர்ச் சந்தைக்கு ஓட்டிப்போயி வித்துப்போட்டு வந்தரலாம்.”

ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. அன்றைக்கு அடுப்படியில் நான் உருட்டிய பாத்திரங்களின் சத்தம் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் நல்லவர். அப்பா முன்னாலும் வாய் திறக்கமாட்டார், என் முன்னாலும் திறக்கமாட்டார். அவர் வாய் திறப்பது பயாஸ்கோப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான். பருத்தி கொண்டுபோகிற சாக்கில் கோயமுத்தூர் போனால் படம் பார்க்காமல் திரும்பமாட்டார். அந்த வாரமும் அப்படிப் போய் வந்து, சோற்றில் கை வைத்தபடியே ஆரம்பித்தார்.

“ஒரு குதிரைப் படம் வந்திருக்குது புள்ளே. எசமான் ஆத்துல போறான். குதிரை நீந்திப் போயி இழுத்துட்டு வருது. நீ பாத்தா அழுதுபோடுவே.”

“நான் எதுக்குங்க அழுகோணும்? அழுக வேண்டியவரு வேற ஆளு” என்றேன். சொல்லும்போதே எனக்கு யோசனை வந்துவிட்டது. குதிரை மனுஷனைக் காப்பாற்றுவதை மாமா ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், மனசு இளகிவிடும் என்று தீர்மானித்தேன்.

மாமாவைக் கிளப்புவது லேசாக இல்லை. “நெழலைப் பாக்கறதுக்குப் பத்துப் பதினோரு மைல் போகோணுமாக்கும்?” என்றார்.

“நெழல் இல்லீங்க மாமா. நூறு குதிரை ஓடுதாமுங்க. மாடு ஆயிரம் உருப்படி வருதாமா.”

“ஆயிரமா? என்ன மாடு?”

“எனக்கென்னுங்க தெரியும்? நீங்கதான் பாத்துச் சொல்லோணும்.”

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்குக் காலைச் சோறு தின்றதும் கிளம்பிவிட்டோம். செவலையைத்தான் வண்டியில் பூட்டினோம், அதுவும் என் யோசனைதான். சிங்காநல்லூர்க் குளத்தைத் தாண்டும் வரை மாமா பேசவில்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, யாரிடமும் சொல்லாத மாதிரி, “நடை சுத்தமாத்தான் இருக்குது” என்றார். நான் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன்.

கொட்டகைக்குத் தகரக் கூரை. உள்ளே போனால் இட்லிக் குண்டானுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவுக்குத் தட்டி. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் ஆர்மோனியம், ஒருவர் தபலா. இன்னொருவர் கையில் பிரம்போடு நின்றார். படம் பேசாதே, அதனால் கதையை உரக்கச் சொல்வது அவர் வேலை. கோட்டுப் போட்டு, காலில் செருப்பில்லாமல் நின்றார்.

எடுத்த எடுப்பில் ஒரு வெட்டவெளி. நான் சீமை என்றால் மாட மாளிகை, தோட்டம், பனி என்று நினைத்திருந்தேன். பார்த்தால் காங்கயத்துப் பக்கத்து மேய்ச்சல் காடு! பாறை, முள், புழுதி, வானம். மழை பெய்து மூன்று வருஷம் ஆன பூமி. இவ்வளவு பெரிய வெளியில் தூரத்தில் ஒரு புள்ளி நின்றது. அது மெல்லப் பெரிதாகி ஆளாயிற்று, குதிரையாயிற்று, கறுப்புக் குதிரையாகி எங்கள் மேலேயே ஏறிவிடும் போல வந்து நின்றது. முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நகர்ந்தார்கள். அந்தப் புள்ளி ஆளான நிமிஷத்தில் நான் எதற்கு வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. உண்மையைச் சொல்கிறேன், என் கல்யாணத்தில் கூட அவ்வளவு கண்கொட்டாமல் நான் எதையும் பார்க்கவில்லை.

“இதோ வருகிறார் நமது துரை! ஊரும் இல்லை, உறவும் இல்லை, குதிரை ஒன்றே துணை!” என்று பிரம்புக்காரர் முழங்கினார்.

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல் கேட்டது. “பின்னாடி எடக்கால் மட்டும் வெள்ளை. செரி, செரி, நல்லதுதான்.”

கதை எங்களுக்காகவே எழுதின மாதிரி இருந்தது. தகப்பன் இல்லாத ஒரு பெண், ஒரு பெரிய மாட்டு மந்தை. மேட்டுப் பண்ணைக்காரன் ஒருவன் அவள் மாடுகளுக்கு வரும் ஓடைத் தண்ணீரை அடைத்துவிடுகிறான். தண்ணீர்த் தகராறு என்றதும் கொட்டகையே சூடாகிவிட்டது. “அடைச்சுப்போட்டானா? உடாதீங்க தொரை, அவனை உடாதீங்க!” என்று ஒருவர் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார். துரை அந்தப் பெண்ணிடம் வேலைக்குச் சேர்ந்தான். மந்தையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போவது என்று ஏற்பாடு. மாடுகள் வந்தன. அப்பப்பா! திரை கொள்ளவில்லை. கொம்புகளாகவே ஓடின.

“திமில் இல்லீங்களே! இதென்னுங்க மாடு?” மாமாதான் கேட்டார்.

“சீமை மாடு அப்படித்தானுங்க பெரியவரே” என்றார் பிரம்புக்காரர்.

“கொம்பு மட்டும் இத்தாத்தண்டி! ஏர் பூட்டுனா நுகத்தடி எங்கீங்க நிக்கும்?”

கொட்டகை சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்புறம் அந்த ஆறு. வெள்ளம் சுழித்துக்கொண்டு போகிறது. மந்தை நடு ஆற்றில் மிரள்கிறது, ஒரு மாடு முட்டித் துரை தண்ணீரில் விழுகிறான். தபலாக்காரர் அடிக்கிற அடியில் என் நெஞ்சும் சேர்ந்து அடித்தது. தலை முழுகுகிறது, கை மட்டும் தெரிகிறது, கையும் போய்விட்டது. கரையேறிவிட்ட குதிரை திரும்பிப் பார்க்கிறது. மறுபடியும் ஆற்றில் இறங்குகிறது! யாரும் இறங்கச் சொல்லவில்லை. நீந்திப்போய் நிற்க, அவன் அதன் வாலைப் பிடித்துக்கொள்கிறான். அது இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டு, மூக்கால் அவன் தோளைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறது. ஆர்மோனியம் நின்றது. பிரம்புக்காரரும் பேசவில்லை. அந்த ஆளுக்குத் தன் தொழில் தெரியும் என்று அப்போது நினைத்தேன். நான் தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். மாமா துண்டை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர்.

ஜெயித்தோம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, குதிரையின் முகத்தைத் திரை முழுவதும் பெரிதாகக் காட்டித் தொலைத்தார்கள்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். “ஏனுங்க! சித்தெ நிறுத்துங்க! அந்த மூஞ்சிய மறுக்கா காட்டுங்க!”

“ஓடற படத்தை நிறுத்த முடியாதுங்களே!”

“கண்ணுக்குக் கீழ சுழி இருக்குதுங்க. கண்ணீர்ச் சுழி! அந்த ஆளுக்கு ஊடு தங்காது. அவன்கிட்டச் சொல்லிப்போடுங்க!”

“தொரைக்குத் தமிழ் தெரியாதுங்க!” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் அதற்கப்புறம் யாரும் துரையைப் பார்க்கவில்லை, சுழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சுட்டாலும், “சுழி இருக்குதே, குண்டு படுமோ?” அவன் விழுந்தாலும், “அதேதான், சுழி!”

துரை பண்ணைக்காரனை வீழ்த்தினான். ஓடையில் தண்ணீர் வந்தது. அந்தப் பெண் வாசல் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகாதே என்று அவள் சொல்லவில்லை, அவள் நின்ற நிலையே சொல்லிற்று. அவன் தொப்பியைத் தொட்டான், குதிரையைத் திருப்பினான், போய்க்கொண்டே இருந்தான். வந்த அதே வெட்டவெளியில் மறுபடியும் புள்ளியாகிப் போனான். ஏன் போகிறான்? கொட்டகையில் யாருக்கும் விளங்கவில்லை. வீடு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பெண் இருக்கிறாள். பிரம்புக்காரர், “கடமை முடிந்தது, வீரன் நடக்கிறான்” என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். மாமாவுக்குத்தான் காரணம் தெரிந்திருந்தது.

விளக்குப் போட்டதும் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். “நான் சொன்னனுங்களா இல்லீங்களா? ஊடு இல்ல, குடி இல்ல, கட்டிக்கறதுக்கு நின்ன புள்ளயும் இல்ல. சுழி வேலையக் காட்டிப்போடுச்சு!”

“பெரியவர் சொன்னது நெசந்தானுங்க” என்று நாலு பேர் சுற்றிக்கொண்டார்கள். ஒருவர் தன் காளையைப் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டார். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்ற செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார்.

“அழுதுபோடுவேன்னு சொன்னீங்களே, செரியாப் போச்சுங்களா?” என்றேன். பாவம், அந்த மனுஷன் தானே குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வாரம் மாமாவுக்குச் சோறு போட்டேன், பேச்சுப் போடவில்லை. கேட்டதற்கு ஆமாங்க, இல்லீங்க, அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். ஆனால் ஒரு நாள் உச்சிவேளையில், யாரும் இல்லை என்று நினைத்து, செவலையின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு வாய்விட்டே அழுதுவிட்டேன். அது திரும்பி என் தோளை மூக்கால் தள்ளிற்று, அந்தப் படத்துக் குதிரை தள்ளின மாதிரியே. தலையைத் தூக்கினால் மாமா நிற்கிறார், கையில் புல்லுக்கட்டு. கட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள், பருத்திக்கொட்டை பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனார். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார். இரண்டு நாள் கழித்து வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று போனார். எங்களுக்கு எந்த வழக்கும் கிடையாது. அப்புறம் இன்னொரு நாளும் ஏதோ சாக்குச் சொல்லிக் கிளம்பினார். சந்தைக்கு ஆள் பார்க்கப் போகிறார் என்று நினைத்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர்தான் பருத்தி கொண்டுபோன இடத்தில் கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

“புள்ளே, அப்பா கொட்டகைலதான் இருக்கறாரு. டிக்கெட்டுக் கிழிக்கறவன் சொன்னான். முன்னாடி பெஞ்சுல உக்காந்துக்கறாராமா. குதிரை வந்தா எந்திரிச்சு நின்னுக்கறாராமா.”

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே பார்த்து ரசிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அதற்கடுத்த காலை, பக்கத்து ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர் ஒரு கிடாரிக் கன்றைச் சுழி பார்க்கக் கொண்டுவந்திருந்தார்கள். கன்றுக்கு ஒரு குறையும் இல்லை. ‘வச்சுக்கோங்க’ என்று சொல்லி அனுப்ப வேண்டியதுதானே? மாமா அவர்களை உட்காரச் சொன்னார். நான் அடுப்படி வாசலில் மோர்ச் சொம்போடு நின்றேன்.

“பயாஸ்கோப்புல ஒரு குதிரை பாத்தனுங்க” என்று ஆரம்பித்தார். ஆற்றைச் சொன்னார், வாலைப் பிடித்து வந்ததைச் சொன்னார். சொல்லத் தெரியாத மனுஷன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிரம்புக்காரர் தோற்றுப்போவார், அப்படிச் சொன்னார். வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

“மொதல்ல பாத்தப்ப நானும் ஏமாந்துபோட்டனுங்க. நாலு தடவ பாத்தப்பறந்தான் தெரிஞ்சுது. அதுல ஒரு குதிரை இல்லீங்க, ரெண்டு குதிரை. சுழி இருக்கறது அவனக் கரை சேத்துச்சு, அந்தப் புள்ள வாசல்ல கொண்டுபோயி உட்டுச்சு. கடைசில அவன் ஏறிப் போறது வேற குதிரைங்க. அதுக்குப் பின்னங்கால் வெள்ளை கெடையாது. சுழிக் குதிரைய எங்கியோ தள்ளிப்போட்டான். தள்ளுனான், ஊடு போச்சு.”

“அப்பிடீன்னாங்க?” என்றார் கன்றின் சொந்தக்காரர்.

“கண்ணீர்ச் சுழிய வச்சிருக்கறவனுக்கு ஒன்னும் ஆகாதுங்க. தள்ளுனாத்தான் கேடு. இத்தன நாளா நான் சொன்னது தப்புங்க.”

தப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. வந்தவர்களில் வயதான ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “எங்கூட்டுக் குதிரைய நீங்க சொல்லித்தானுங்க தள்ளுனோம். என்ற சம்சாரம் ரெண்டு நாளு சோறு திங்கல.”

மாமா எழுந்து நின்று அவரைப் பார்த்துக் கைகூப்பினார். “என்ற தப்புதானுங்க” என்றார். அந்தப் பெரியவரும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். கன்று கத்திக்கொண்டிருந்தது. நான் போய் எல்லோருக்கும் மோர் ஊற்றினேன். மாமாவுக்கு முதலில் ஊற்றினேன்.

ஆடி வந்தது. எங்கள் வீட்டிலிருந்து அந்தியூருக்கு யாரும் போகவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இரண்டு குதிரைகளை நானே கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. படம் வேறு ஊருக்குப் போய்த் திரும்ப அதே கொட்டகைக்கு வந்திருந்தது. அன்றைக்குக் கடைசி நாள் என்று கேள்விப்பட்டு மூன்று பேரும் மறுபடி செவலையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். மாமா வேண்டாம், புழுதி, வெயில் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நான் கேட்டால்தானே!

இந்தத் தரம் கதை தெரியும். ஆகவே மற்றதையெல்லாம் ஆசை தீரப் பார்த்தேன். அந்தப் பெண் துரைக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கிறாள், அவன் தான் குடிக்காமல் குதிரைக்குத் தொப்பியில் ஊற்றுகிறான். முதல் தரம் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். சுழி இருக்கத்தான் செய்தது, கண்ணுக்குக் கீழே, என் செவலைக்கு இருக்கிற மாதிரியே. அந்த விஷயத்தில் மாமா பார்த்தது சரிதான்.

அப்புறம் கடைசிக் காட்சி. பெண் படலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் தொப்பியைத் தொடுகிறான். நான் அவனைப் பார்க்கவில்லை, குதிரையின் பின்னங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரை திரும்பிற்று. புழுதி எழுந்தது. புழுதிக்குள் இடக்கால் தூக்கி வைக்க வைக்க வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. ஒரு தரம் இல்லை, புள்ளியாகி மறைகிற வரைக்கும் தெரிந்துகொண்டே இருந்தது.

ஒரே குதிரை.

எனக்கே தெரிந்தது. பத்து ஊர் மாட்டை நின்ற இடத்திலிருந்து சொல்லுகிறவர், நாலு தரம் எழுந்து நின்று பார்த்தவர், அவர் கண்ணுக்கா தெரியாமல் போகும்? நான் தட்டிக்கு மேலாகப் பார்த்தேன். மாமா திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார். “பாத்தியா அம்மணி? ரெண்டு குதிரைதானே?”

“அப்பா, அது வந்துங்…” என்று என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் ஒரு தரம் அப்பா முன்னால் வாயைத் திறந்தார், அது இந்த நேரமாகவா இருக்க வேண்டும்! அவர் காலை நன்றாக மிதித்தேன்.

“ரெண்டுதானுங்க மாமா. நல்லாவே தெரிஞ்சுதுங்க.”

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செவலையிடம் போய், வாரை ஒதுக்கி, கண்ணுக்குக் கீழே கட்டை விரலால் தடவிக் கொடுத்தார். “செரி, நீயே ஓட்டு கண்ணு” என்று கடிவாளத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு வரை வண்டியில் முன்னால் உட்கார என்னை விட்டதில்லை. வீடு வந்து சேரும் வரை மூன்று பேரும் ஆற்றுக் காட்சியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். மாட்டை வெள்ளத்தில் இறக்குவதற்கு முன்னால் தண்ணீர் காட்டியிருக்க வேண்டும் என்று மாமா சண்டை போட்டுக்கொண்டே வந்தார்.

செவலை அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் எங்கள் வீட்டில் இருந்தது. மாமா கடைசி வரை சுழி பார்த்தார், கண்ணீர்ச் சுழியை மட்டும் தள்ளச் சொல்லவில்லை. ஒரு மிருகத்தைப் பற்றி அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அது. அதை எனக்காகச் சொன்னார், ஊர் முன்னால் கைகூப்பி நின்று சொன்னார். ஆகவே, கடைசிக் காட்சியில் தொப்பிக்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு போகும்போது நான் எதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன் என்று கேட்காதீர்கள். அவனை நான் பார்ப்பதே இல்லை. குதிரையின் பின்னங்காலைத்தான் பார்க்கிறேன்.